சமையற்குறிப்பு கேட்டவர்களுக்கு

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிற நாட்டு வீட்டுச் சமையலைப் பற்றியவை. சிலர் குறிப்பு கேட்டிருக்கிறார்கள். சிலர் யாரோ கொடுத்த குறிப்பைச் செய்து பார்த்துவிட்டு, சரியாக வரவில்லை என்று வருந்தியிருக்கிறார்கள். இரண்டாம் வகைக் கடிதங்களில் கைப்பக்குவத்தைக் குறை சொல்வதற்கு அநேகமாக ஒன்றுமில்லை. குறிப்பை எழுதியவர், தமக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணி விட்டுவிட்ட ஏதோ ஒரு வரிதான் சமையலைக் கெடுத்திருக்கிறது.

கேள்வி: ரோம் நகர முறை என்று சொல்லித் தோழி ஒருவர் கார்பனாரா ஸ்பகெட்டியின் குறிப்பைக் கொடுத்தார். நான் செய்தால் முட்டை திரிந்து பொடிமாஸ் ஆகிவிடுகிறது. க்ரீம் சேர்த்தால் திரியாது என்கிறார்கள் சிலர். சேர்த்தால் அது கார்பனாராவே அல்ல என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது?

பதில்: முட்டை ஏறத்தாழ 65 முதல் 70 டிகிரி செல்சியஸில் கெட்டியாகத் தொடங்கும். அடுப்பில் இருக்கும் வாணலியோ அதைவிட மிக அதிகச் சூட்டில் இருக்கும். அடுப்பை அணைத்த பிறகே முட்டையைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் தோழி எழுதாமல் விட்ட வரி. இருவருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, 100 கிராம் க்வான்சாலே என்னும் பதப்படுத்திய பன்றிக் கன்ன இறைச்சி, ஒரு முழு முட்டை, இரண்டு மஞ்சள் கரு, துருவிய பெக்கோரினோ ரொமானோ பாலாடைக்கட்டி 50 கிராம், புதிதாகப் பொடித்த மிளகு ஆகியவை போதும். இறைச்சியை மிதமான சூட்டில் அதன் கொழுப்பிலேயே மொறுமொறுப்பாக வதக்கி, வெந்த ஸ்பகெட்டியை அதில் புரட்டி, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் ஆற விடுங்கள். முட்டையையும் பாலாடைக்கட்டியையும் தனியே குழைத்து வைத்திருந்து, ஸ்பகெட்டி வெந்த நீரில் இரண்டு மேசைக்கரண்டியை அந்தக் குழைவில் கலந்து, அதன் பிறகு வாணலியில் ஊற்றி விடாமல் கிளறுங்கள். வெந்த நீரில் இருக்கும் மாவுச்சத்து முட்டை திரிவதைத் தள்ளிப்போடும். பாலாடைக்கட்டியே உப்பாக இருப்பதால், ஸ்பகெட்டி வேகும் நீரில் உப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

க்ரீமைப் பற்றிய சண்டையில் நான் எந்தப் பக்கமும் சேர விரும்பவில்லை. இன்றைய ரோம் நகர முறையில் க்ரீம் கிடையாது என்பது உண்மை. ஆனால் 1954-இல் இத்தாலிய இதழ் ஒன்றில் வெளிவந்த கார்பனாரா குறிப்பில் பூண்டும் சுவிட்சர்லாந்தின் க்ரூயேர் பாலாடைக்கட்டியும் இருந்தன. எழுபது ஆண்டுகளில் இவ்வளவு மாறியிருக்கும் ஓர் உணவில், இதுவே அசல் என்று அடித்துச் சொல்பவர்களைச் சற்றுச் சந்தேகத்துடன் பார்ப்பதில் தவறில்லை.

கேள்வி: எங்கள் அத்தை ஈரானிய முறையில் சோறு சமைப்பார். பாத்திரத்தின் அடியில் பொன்னிறத்தில் மொறுமொறுவென்று ஓர் அடுக்கு வரும். அதைத் தஹ்தீக் என்கிறார். குறிப்பு கேட்டால் ‘கண்ணளவுதான், வாசனை வந்ததும் இறக்கிவிடு’ என்று முடித்துவிடுகிறார். வேண்டுமென்றே மறைக்கிறாரோ என்று தோன்றுகிறது.

பதில்: உங்கள் அத்தையின் மீது அந்தப் பழி வேண்டாம். நெடுங்காலம் சமைத்தவர்களுக்கு அளவு கையில் இருக்கிறதே தவிர வாயில் இல்லை. கேட்டால் அவர்களால் சொல்ல முடிவதில்லை. அவர் சமைக்கும் நாளில் ஓர் எடைத் தராசுடன் பக்கத்தில் போய் நில்லுங்கள். அரிசி டப்பா, எண்ணெய்ப் புட்டி, உப்பு ஜாடி ஆகியவற்றைச் சமையலுக்கு முன்பும் பின்பும் எடை போட்டால், அவர் எடுத்த அளவு அவரைத் தொந்தரவு செய்யாமலேயே தெரிந்துவிடும். நேரத்தைக் கடிகாரம் பார்த்து நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: ‘இது ஆகிவிட்டது என்று எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்?’, ‘ஆகாமல் போனால் எப்படி இருக்கும்?’, ‘அப்படி ஆனால் என்ன செய்வீர்கள்?’ எத்தனை கரண்டி என்று கேட்டால் எரிச்சல்படுகிறவர்கள்கூட இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு விரிவாகப் பதில் சொல்வார்கள். குறிப்பின் உயிர் இருப்பதும் அந்தப் பதில்களில்தான்.

அதுவரை கைகொடுக்கப் பொதுவான முறையைச் சொல்கிறேன். நீளமான பாஸ்மதி அரிசி 400 கிராமைக் கழுவி, உப்பு நீரில் ஒரு மணி நேரமாவது ஊற வையுங்கள். நிறைய உப்பு நீரைக் கொதிக்க விட்டு, அதில் அரிசியை ஐந்து முதல் ஏழு நிமிடம் வரை மட்டும் வேக வைத்து வடித்துவிடுங்கள். ஒரு பருக்கையைக் கடித்தால் நுனிகள் மென்மையாகவும் நடுப்பகுதி சற்று விறைப்பாகவும் இருப்பதே வடிக்க வேண்டிய பதம். அடிகனமான பாத்திரத்தில் நான்கு மேசைக்கரண்டி எண்ணெயும் சிறிது குங்குமப்பூக் கரைசலும் விட்டு, சோற்றைக் கோபுரம் போலக் குவித்து, கரண்டிக் காம்பால் ஆவி வெளியேறச் சில துளைகள் இடுங்கள். மூடியைச் சுத்தமான துணியால் சுற்றி மூடினால் ஆவி நீராகி மீண்டும் சோற்றில் சொட்டாது. மிதமான சூட்டில் எட்டு அல்லது பத்து நிமிடம் வைத்து, நனைத்த விரலால் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைச் சட்டென்று தொட்டால் ‘சுர்’ என்ற ஓசை வரும்போது தணலைக் குறைத்து, மேலும் 40 அல்லது 45 நிமிடம் விடுங்கள். இறக்கியவுடன் பாத்திரத்தின் அடியைக் குளிர்ந்த நீரில் சற்று நேரம் வைத்தால் அடுக்கு உடையாமல் கழன்று வரும். உங்கள் அத்தை தயிரோ உருளைக்கிழங்கு வில்லைகளோ சேர்க்கக்கூடும். ஈரானிய வீடுகளில் அவையும் வழக்கம்தான்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அனுப்பிய கேக் குறிப்பில் ‘மூன்று கப் மாவு, 350 டிகிரி’ என்று இருக்கிறது. அப்படியே செய்தேன். கேக் மேலே கருகி, உள்ளே வறண்டுபோய் வந்தது.

பதில்: அந்த 350 ஃபாரன்ஹீட் அளவு, செல்சியஸில் 177, அதாவது ஏறக்குறைய 180. உங்கள் ஓவன் செல்சியஸ் கணக்கில் இருந்து, முள்ளை அதன் உச்சத்துக்குத் திருப்பியிருந்தால் கருகியதற்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. விசிறி உள்ள ஓவன் என்றால் இன்னும் 20 டிகிரி குறைக்க வேண்டும். கப்பின் கதை இதைவிடக் குழப்பமானது. அமெரிக்கக் கப் ஏறத்தாழ 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டிகூட 20 மில்லி, பிற இடங்களில் பொதுவாக 15. இவையெல்லாம் சரியாக இருந்தாலும், மாவைக் கரண்டியால் மெதுவாக நிரப்பினால் ஒரு கப் சுமார் 120 கிராம் இருக்கும். கப்பையே மாவில் அழுத்தி அள்ளினால் 150 வரை போகும். மூன்று கப்புக்கு 90 கிராம் மாவு கூடிவிட்டால் கேக் வறளாமல் என்ன செய்யும்? உறவினரிடம் கிராம் கணக்கில் எழுதித் தரும்படி கேளுங்கள். குறிப்பு அனுப்புகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே.

கேள்வி: மெக்சிகோவின் டோர்ட்டியாவை வீட்டில் இருக்கும் மக்காச்சோள மாவில் செய்தேன். மாவு ஒட்டவே இல்லை, தட்டும்போதே வெடிக்கிறது. கோதுமை மாவு கலக்கலாமா?

பதில்: கலந்தால் ஒட்டும், ஆனால் நீங்கள் தேடும் மணம் வராது. டோர்ட்டியாவுக்கான சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேக வைத்து, இரவு முழுவதும் ஊற விட்டு, தோலைத் தேய்த்துக் கழுவிய பிறகே அரைக்கிறார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை சோளத்தின் செல் சுவர்களை இளக்கிவிடுவதால்தான் மாவு பிசைந்தால் ஒட்டுகிறது. அந்த மணமும் அதனால் வருவதே. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் வைட்டமினும் இதனால்தான் உடலுக்குக் கிடைக்கிறது. இம்முறையை அறியாமல் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய், அதையே முதன்மை உணவாக்கிக்கொண்ட வட இத்தாலிய ஏழைகளிடையே நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா என்ற நோய் பரவியது. செய்முறை இல்லாமல் பொருள் மட்டும் கடல் கடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கடையில் கேட்க வேண்டியது மாசா ஹரினா, அதாவது இப்படிச் சுண்ணாம்பு நீரில் பதப்படுத்திய சோளத்தின் மாவு. அதில் 250 கிராமுக்கு வெதுவெதுப்பான நீர் சுமார் 350 மில்லி, அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்துப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். உருண்டையை அழுத்தினால் ஓரம் வெடிக்கக் கூடாது. வெடித்தால் இன்னும் சிறிது நீர் வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையே வைத்து அழுத்தி, நன்கு சூடான கல்லில் போட்டு, அரை நிமிடத்தில் ஒருமுறையும் அடுத்த ஒரு நிமிடத்தில் மறுமுறையும் திருப்புங்கள். மாசா ஹரினா கிடைக்காவிட்டால், பொருந்தாத மாவை வைத்துப் போராடுவதைவிட, வட மெக்சிகோ வீடுகளில் செய்யும் கோதுமை டோர்ட்டியாவின் குறிப்பைக் கேட்டு வாங்குவது மேல். அதுவும் அவர்களுடைய வீட்டு உணவுதான்.

கேள்வி: புத்தகத்தில் படித்த குறிப்பைச் சிறிது மாற்றி, என் குறிப்பு என்று பிறருக்கு அனுப்பலாமா?

பதில்: வெறும் பொருட்பட்டியலுக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் சொல்கிறது, விளக்கி எழுதிய நடைக்கு உரிமை உண்டு. சட்டம் எப்படி இருந்தாலும், எங்கே படித்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். செய்து பார்த்துச் சரியாக வராதவர் மூலக் குறிப்பைத் தேடிப் பார்க்கவாவது அது உதவும்.

கேள்வி: நான் சைவம். மீன் இல்லாத ஜப்பானிய மிசோ சூப் உண்டா?

பதில்: உண்டு. பௌத்த மடங்களின் சமையலில் மீன் சேர்ப்பதில்லை. ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 10 கிராம் கொம்பு என்னும் கடற்பாசியையும் நான்கு உலர்ந்த ஷீட்டாக்கே காளான்களையும் போட்டு, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். பாசியின் மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பொடி அழுக்கு அல்ல, கழுவிவிடாதீர்கள். காலையில் சிறு தணலில் சூடாக்கி, கொதி வருவதற்கு முன் பாசியை எடுத்துவிட்டு வடிகட்டுங்கள். 1908-இல் இக்கேடா கிக்குனாயே என்ற வேதியியலாளர் இந்தப் பாசியிலிருந்துதான் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். கிண்ணத்துக்கு 200 மில்லி சாறு, ஒரு மேசைக்கரண்டி மிசோ என்னும் புளிக்க வைத்த சோயா விழுது என்பது கணக்கு. அடுப்பை அணைத்த பிறகே மிசோவைக் கரைக்க வேண்டும். கொதித்தால் மணம் போய்விடும். சில மிசோ விழுதுகளில் மீன் சாற்றை முன்கூட்டியே கலந்து விற்கிறார்கள் என்பதால் பொருட்பட்டியலைப் படித்து வாங்குங்கள்.

கேள்வி: மெக்சிகோ பாணி பீன்ஸ் குழம்பின் குறிப்பில் ‘சிவப்பு ராஜ்மா ஒரு டின், ஸ்லோ குக்கரில் எட்டு மணி நேரம்’ என்று உள்ளது. டின்னுக்குப் பதிலாக உலர்ந்த ராஜ்மாவை ஊற வைத்துப் போடலாமா?

பதில்: நேரடியாகப் போடவே கூடாது. டின்னில் வருவது முன்பே நன்றாக வெந்தது. பச்சை ராஜ்மாவிலோ ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்னும் நச்சுப் புரதம் இருக்கிறது. சரியாக வேகாத நான்கைந்து கொட்டைகள்கூடச் சில மணி நேரத்தில் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கலாம். ஸ்லோ குக்கரின் சூடு பல நேரங்களில் கொதிநிலைக்கு வெகு கீழேயே நின்றுவிடுவதால், எட்டு மணி நேரம் வைத்தாலும் நச்சு அழியாமல் போகலாம். மென்மையாகிவிட்டது என்பதை மட்டும் வைத்து வெந்துவிட்டது என்று நம்பக் கூடாத பொருள் இது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்ட பிறகே ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள். 400 கிராம் டின் ஒன்றுக்கு உலர்ந்த ராஜ்மா சுமார் 100 கிராம் ஈடாகும். தக்காளியின் புளிப்பு கொட்டை வேகுவதைத் தடுக்கும் என்பதால், ராஜ்மா விரலால் நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகு தக்காளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.