மாடி சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: மொட்டை மாடிக்கு ஒரு பிரம்பு சோபா செட் பார்த்து வைத்திருக்கிறோம். கடைக்காரர் மழை வெயில் எல்லாம் தாங்கும் என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: முதலில் அது நிஜப் பிரம்பா என்று கேளுங்கள். நிஜம் என்றால் கூரைக்கு அடியில் மட்டும்தான். வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் வெடித்துத் தளர்ந்துவிடும். பிளாஸ்டிக் பின்னல் என்றால் அதிலும் ரகம் உண்டு. மலிவான பிவிசி வெயிலில் விறைத்து நொறுங்கும். எச்டிபிஇ எனும் அடர்த்தியான பாலிஎத்திலீன் நாராக இருந்து, புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருளும் அதில் கலந்திருந்தால் பல வருஷம் உழைக்கும்.

ஆனால் பின்னலைத் தடவிப் பார்க்கிற அளவுக்கு யாரும் சோபாவைக் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. கவிழ்த்து, சட்டத்தில் ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு, மேல் பெயின்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், பின்னலுக்குள்ளேயே துரு ஓடும், வெளியில் தெரியும்போது கால் ஆட ஆரம்பித்திருக்கும். பவுடர் கோட்டிங் (தூள் பெயின்டைத் தூவிச் சூட்டில் இறுக்கிய பூச்சு) கொடுத்த அலுமினியத்தில் இந்தத் தொல்லை இல்லை, தூக்கி நகர்த்தவும் லேசு. ஃபுளோரிடாவில் அமெரிக்க வடிவமைப்பாளர் ஃபுளோரன்ஸ் நோலின் வீட்டு வெளி நாற்காலிகளைக் கடல் காற்று அரித்துத் தின்றதால்தான், தாங்குகிற மாதிரி செய்து தரச் சொல்லி இன்னொரு வடிவமைப்பாளரான ரிச்சர்ட் ஷுல்ட்ஸிடம் அவர் கேட்டார். ஷுல்ட்ஸ் அலுமினியச் சட்டத்தில் வலைத்துணி இழுத்துச் செய்த வரிசை 1966-ல் வந்தது, இன்றைக்கும் பழசாகத் தெரியவில்லை. நீங்களும் கடலோரம் என்றால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகள் 316 ரகமா என்று கேளுங்கள். அதில் மாலிப்டினம் சேர்வதால், சாதாரண 304-ஐ விட உப்பை நன்றாகத் தாங்கும்.

கேள்வி: தேக்கு பெஞ்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. மேல்தோல் மட்டும்தான் வெளுத்திருக்கிறது, உள்ளே மரத்தின் சொந்த எண்ணெய் அப்படியே இருக்கும். பழைய நிறம் வேண்டும் என்றால் லேசாகத் தேய்த்து எண்ணெய் பூசுங்கள், ஆனால் அப்புறம் அதை விடாமல் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அந்தச் சாம்பல்தான் பிடிக்கும். ஒன்று மட்டும், பிரஷர் வாஷர் அடிக்காதீர்கள். ரேகைகள் பெயர்ந்து சொரசொரப்பாகிவிடும்.

கேள்வி: குஷனை மழை வரும்போதெல்லாம் உள்ளே தூக்கி வைக்கிறோம். அப்படியும் நாற்றம் போகவில்லை.

பதில்: உள்ளே இருப்பது சாதாரண ஸ்பாஞ்ச், அது தண்ணீரை விடாது. சீக்கிரம் காய்வதற்கென்றே துளைகள் திறந்த ஃபோம் விற்கிறார்கள், தண்ணீர் ஊற்றினால் அடி வழியாக அப்படியே இறங்கிவிடும். இருக்கையும் பட்டை பட்டையாக, இடைவெளியோடு இருக்க வேண்டும், பலகை போல மூடியிருந்தால் எந்த ஃபோமும் உதவாது. துணிக்கு, நூல் இழுப்பதற்கு முன்பே நிறம் கலந்த அக்ரிலிக் கேளுங்கள். நிறம் இழை முழுக்க இருப்பதால் சட்டென்று வெளுக்காது.

கேள்வி: வெளியில் உட்காரும் இடத்துக்கு எத்தனை விளக்கு, என்ன மாதிரி?

பதில்: நினைப்பதில் பாதி போதும். சுவரில் ஒரு பெரிய ஃபிளட் லைட்டைப் போட்டு மாடியை வாலிபால் மைதானம் ஆக்கிவிடுகிறார்கள், உட்கார்ந்தால் கண் கூசும், அதைத் தாண்டி எல்லாம் ஒரே இருட்டாகத் தெரியும். மேஜை மேல் ஒன்று, படிக்கட்டில் முழங்காலுக்குக் கீழே சிலது, ஒரு செடிக்குப் பின்னால் ஒன்று, போதும். நிறம் 2700 கெல்வின் பக்கம், அதாவது இதமான மஞ்சளாக, இருக்கட்டும்; நீல வெளிச்சம் அதிகமுள்ள வெள்ளை விளக்குக்குத்தான் பூச்சிகள் அதிகம் வரும்.

அப்புறம் டப்பாவில் ஐபி எண்ணைப் பாருங்கள். விளக்கு எந்த அளவுக்குத் தாங்கும் என்பதைச் சொல்வது அது; முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. கூரை உள்ள இடத்தில் ஐபி44 சரி, மழை நேராக விழும் இடத்தில் ஐபி65, தரையில் பதிப்பதற்கு ஐபி67. அதையும் வாங்கிவிட்டு, வயர் இணைப்பை இன்சுலேஷன் டேப் சுற்றி முடிப்பார்கள் பாருங்கள், தண்ணீர் நுழைவது அங்கேதான். தண்ணீர் புகாத இணைப்புப் பெட்டியும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி எனும் பாதுகாப்பு சுவிட்சும் இல்லாமல் வெளி வயரிங் வேண்டாம். முடிந்தால் 12 அல்லது 24 வோல்ட் விளக்குகளாகவே போடுங்கள்.

கேள்வி: சோலார் விளக்கே போதாதா?

பதில்: வழி காட்டப் போதும், படிக்கப் போதாது. மர நிழலில் நட்டுவிட்டு எரியவில்லை என்று திட்டாதீர்கள்.