புண்ணாக்கு இல்லாத கணக்கு

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டம் சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். ஊருக்கே திரும்பி மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க ஆசை. கையில் 6 லட்சம் இருக்கிறது, இன்னொரு 6 லட்சம் வங்கிக் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். திட்டத்தை எக்செல் கோப்பாக இணைத்திருக்கிறேன். வேலையை இப்போதே விடலாமா, ஒரு வருடம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமா? கடைக்கு மூன்று பெயர்கள் யோசித்திருக்கிறேன், எது நன்றாக இருக்கிறது? அப்பா மூன்று ஏக்கரில் கடலை போடுகிறார். "கடை வைத்துக் கெட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்" என்று சொன்னவர், அதன்பின் என்னிடம் சரியாகப் பேசுவதே இல்லை. அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எங்கள் தெருமுனையில் இருந்த மரச்செக்குக் கடையைப் போன மாதம் மூடிவிட்டார்கள். நடத்தியவர்கள் இரண்டு இளைஞர்கள், உங்களைப் போலவே நல்ல வேலையை விட்டு வந்தவர்கள். எண்ணெயில் ஒரு குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்கு அங்கேதான் வாங்கினோம். மாலை நேரத்தில் கூட்டமும் இருக்கும். ஆட்கள் வந்துகொண்டிருக்கும்போதே ஒரு கடை எப்படி மூடப்படுகிறது என்று மனசு அதையே சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மூன்றில் எதை வைத்தாலும் சரிதான். பதிவு விஷயங்களும் இன்று பெரிய மலையில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே இணையத்தில் முடித்துவிடலாம், எந்த ஏஜென்டுக்கும் காசு கொடுக்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பதாக இருந்தால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் கோப்புக்கு வருகிறேன். வரி வரியாகப் பார்த்தேன். செக்கு, மோட்டார், கடை உள் அலங்காரம், கண்ணாடி பாட்டில், லோகோ, இன்ஸ்டாகிராம் விளம்பரம் எல்லாம் இருக்கிறது. லோகோவுக்கு 25 ஆயிரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆனால் புண்ணாக்கு என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. செக்கு வைக்கப் போகிறவர் புண்ணாக்கை மறக்கலாமா? கடலை விளையும் வீட்டில் பிறந்த பிள்ளை நீங்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

100 கிலோ நிலக்கடலைப் பருப்புக்கு 50 லிட்டர் எண்ணெய் என்று போட்டிருக்கிறீர்கள். மரச்செக்கில் 40 கிலோ இறங்கும், பருப்பு நன்றாக இருந்தால் 42 கிலோ. கடலை எண்ணெய் ஒரு லிட்டர் 910 கிராம் சொச்சம்தான் எடை இருக்கும் என்பதால், லிட்டரில் சொன்னால் 44 முதல் 46 வரை. வெயிலில் தெளிய வைக்கும்போது அடியில் தங்கும் கசடு போக இன்னும் கொஞ்சம் குறையும். மீதி 55 கிலோவுக்குப் பக்கமாகப் புண்ணாக்கு. அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கும் சரக்கில் பாதிக்கு மேல் புண்ணாக்காகத்தான் வெளியே வருகிறது. அது நல்ல விலைக்குப் போனால் எண்ணெயில் உங்களுக்கு லாபம் நிற்கும், போகாவிட்டால் நிற்காது. மரச்செக்குப் புண்ணாக்கில் எண்ணெய்ப் பசை கொஞ்சம் கூடுதலாகவே தங்குவதால் மாடு வைத்திருப்பவர்கள் அதைத் தேடித்தான் வருவார்கள். ஆனால் "பால் பணம் வந்ததும் தர்றேன்" என்பார்கள். கடனுக்குத் தராமல் மூட்டை கட்டி வைத்தாலோ மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையின் நஞ்சு மாட்டின் வழியாகப் பாலுக்கே வந்துவிடும், அதை யாருக்கும் விற்கக் கூடாது. இத்தனை விஷயத்துக்கும் உங்கள் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. எள் ஆட்டும்போது போடும் கருப்பட்டியையும் காணோம்.

இதைவிடப் பெரிய ஓட்டை, மூலப்பொருளுக்கு ஒதுக்கிய தொகை. 12 லட்சத்தில் வெறும் 60 ஆயிரம்! ஒரு நாளுக்கு 80 கிலோ ஆட்டுவேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணம் ஒரு வாரத்துக்கே தட்டும். உங்கள் பக்கத்தில் மானாவாரிக் கடலை ஐப்பசி, கார்த்திகையில் வரும், கிணற்றுப் பாசனத்தில் விளையும் இறவைக் கடலை பங்குனி, சித்திரையில் வரும். வரத்து குவியும் அந்தச் சில வாரங்களில்தான் விலை இறங்கும். வியாபாரி உரிமம் எடுத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து மறைமுக ஏலத்தில் கேட்கலாம், தெரிந்த விவசாயிகளிடம் களத்திலேயும் வாங்கலாம். இரண்டுக்குமே ரொக்கம் வேண்டும். பணத்தையெல்லாம் சுவருக்கும் கண்ணாடி அலமாரிக்கும் கொட்டிவிட்டு நிற்பவர், ஆடி மாதத்தில் தரகரிடம் பத்து மூட்டை, ஐந்து மூட்டை என்று அவர் சொன்ன விலைக்கு வாங்கி ஆட்டுவார். தெருமுனைக் கடைக்கு நேர்ந்தது அதுதான் என்று அந்தப் பையன்களே சொன்னார்கள். ஊருக்கே திரும்பிப் போவதில் உங்களுக்கு இருக்கும் ஒரே பெரிய அனுகூலம் கடலை உங்கள் வாசலில் விளைகிறது என்பது. விளையும் நேரத்தில் கையில் பணம் இல்லையென்றால் அந்த அனுகூலம் எதற்கு?

கடலை வாங்கும் பணம் பற்றி யோசித்தாலே எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிடும். மளிகைக் கடை வைத்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பை தொங்கும். அன்றன்றைய வியாபாரத்தில் சரக்கின் அசலை எண்ணி அதில் போட்டுவிடுவார். லாபம் மட்டும் கல்லாவில் இருக்கும். வீட்டுச் செலவுக்கு சனிக்கிழமைதோறும் கல்லாவிலிருந்து ஒரு தொகை, அதுவும் சிட்டையில் எழுதிவிட்டுத்தான். வீட்டுக்கு எடுத்த கால் கிலோ துவரம்பருப்புக்கும் விற்கிற விலையைப் போட்டுத் தன் பெயரில் பற்று எழுதுவார். "நம்ம கடைப் பருப்புக்கு நமக்கே கணக்கா" என்று பெரியம்மா சண்டை பிடிப்பார். அக்கா கல்யாணத்துக்குக் கை இறுகியபோது வெளியில் வட்டிக்கு வாங்கினார், மஞ்சள் பையில் கை வைக்கவில்லை. சொந்தக்காரர்கள் கஞ்சன் என்றார்கள். அந்தப் பை பத்திரமாக இருந்ததால்தான் கல்யாணம் முடிந்த மறுவாரமும் கடையில் சரக்கு இருந்தது, கடனும் அடைந்தது.

கடன் கொடுப்பதிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எல்லை வைத்திருப்பார், அதைத் தாண்டி நோட்டில் ஏற்றவே மாட்டார். எல்லை தாண்டியும் கஷ்டம் என்று வந்து நிற்பவரிடம், "கடனா தரமாட்டேன், சும்மா எடுத்துக்கிட்டுப் போ" என்று அரிசியை அளந்து கொடுத்துவிடுவார். அதை அன்றே தர்மக் கணக்கில் எழுதி முடித்துவிடுவார். திரும்பி வராத பணத்தை வரும் வரும் என்று நோட்டில் சுமந்துகொண்டிருப்பது அவருக்குப் பிடிக்காது. வாங்கிப் போனவரும் கடனுக்குப் பயந்து அடுத்த தெருக் கடைக்குப் போகாமல் மறுபடி இங்கேயே வருவார்.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? சென்னையில் உள்ள இயற்கை அங்காடிகளுக்கு மாதம் 300 லிட்டர் கொடுத்து, அதே மாதம் முழுப் பணமும் வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். வராது. இரண்டு மாதம் ஆகும், சிலரிடம் பாட்டிலாகவே திரும்பி வரும். சட்டம் இருக்கிறது, 2006ஆம் ஆண்டின் சிறு குறு தொழில் சட்டப்படி, பதிவு செய்த உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் 3 மடங்கு கூட்டு வட்டி. அதற்காகவாவது உத்யம் பதிவைச் சரக்கு கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஆனால் பத்துக் கடையை நம்பி வியாபாரம் செய்பவர் அதில் ஒருவர் மேல் புகார் கொடுத்துவிட்டு மற்ற ஒன்பது பேரிடம் எப்படிப் போய் நிற்பார்? முதல் வருடம் உங்கள் ஊரைச் சுற்றி ரொக்கத்துக்கு மட்டும் விற்றுப் பாருங்கள். குறைவாகத்தான் விற்கும், விற்கட்டும்.

மானியம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பி.எம்.இ.ஜி.பி. எனும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதமும், பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம் உண்டு. அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் 3 ஆண்டு வைப்பாக இருக்கும், தொழில் நடந்தால் அதற்குப் பின்தான் கடனில் கழிப்பார்கள். கோப்பில் அதை முதல் மாத வரவாகக் காட்டியிருக்கிறீர்கள். யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள், வங்கி மேலாளரிடமே நேரில் கேளுங்கள்.

வேலையை விடுவதா என்று கேட்டீர்கள். கோப்பில் உங்கள் சம்பளம் என்று ஒரு வரி சேருங்கள், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு மாதம் என்ன வேண்டுமோ அதைக் கூச்சப்படாமல் போடுங்கள். அலங்காரத்தையும் லோகோவையும் எடுத்துவிட்டு அந்தத் தொகையைக் கடலைக்கு மாற்றுங்கள். அப்புறமும் வரவு நிற்கிறதா என்று பார்த்தால் விடை அங்கேயே தெரிந்துவிடும். செக்கு வாங்குவதற்கு முன் லீவு போட்டு, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செக்கில் கூலிக்கு நில்லுங்கள்.

உங்கள் அப்பாவைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கடை வைத்துக் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன் என்று அவர் சொன்னபோது, யார், எப்படிக் கெட்டார்கள் என்று கேட்டீர்களா? கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். வரும் கார்த்திகையில் அவரையே கூட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போங்கள். காயை உடைத்து, பருப்பை விரலால் நசுக்கி, இதில் ஈரம் இருக்கிறது, இதை எடுக்காதே என்று சொல்ல அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. கடலை வாங்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். அதற்கும் கோப்பில் ஒரு சம்பளம் எழுதுங்கள்.