ஆறு அலகு கட்டலாம் என்கிறார்களே, என் காணியிலும் கட்டலாமா?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மார்க்கம் வீதியும் லோரன்ஸும் சந்திக்கும் இடத்துக்குக் கிட்ட, அறுபதுகளில் கட்டிய பங்களோ ஒன்றை மூன்று வருடங்களுக்கு முன் வாங்கினோம். பேஸ்மென்டில் குசினியும் தனி வாசலும் ஏற்கெனவே இருந்தன. அதை வாடகைக்கு விட்டிருக்கிறோம். மாநகரசபை ஒரே காணியில் ஆறு அலகு, அதாவது ஆறு தனித்தனிக் குடியிருப்பு வரை அனுமதித்துவிட்டது, இடித்துக் கட்டுங்கள் என்கிறார் வீடு விற்பனை முகவர். பின்வளவில் ஒரு சின்ன வீடு போட்டால் போதும் என்கிறார் மைத்துனர். எதைக் கட்டினாலும் தடுப்பேன் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?

பதில்: முகவர் சொன்ன செய்தி உண்மை. ஆனால் அது உங்கள் காணிக்குப் பொருந்தாது.

2025 ஜூனில் ரொறன்ரோ மாநகரசபை ஆறு அலகு வீடுகளை ஒன்பது வட்டாரங்களுக்குத்தான் அனுமதித்தது. எட்டு வட்டாரங்கள் ரொறன்ரோ - ஈஸ்ட் யோர்க் பகுதியில் இருக்கின்றன. ஸ்காபரோவில் சேர்க்கப்பட்டது 23ஆம் வட்டாரமான ஸ்காபரோ வடக்கு மட்டும். அது 401 நெடுஞ்சாலைக்கு வடக்கே, நீங்கள் தெற்கே இருக்கிறீர்கள். மற்ற வட்டாரங்கள் விரும்பினால் பின்னர் சேரலாம் என்று சபை வழி விட்டிருக்கிறது. ஆகவே உங்கள் கவுன்சிலரின் அலுவலகத்தில் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். என்றாவது சேரும் என்ற நம்பிக்கையில் மட்டும் வீட்டை இடிக்க வேண்டாம்.

அப்படியென்றால் உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? இதைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் விளங்கும். குழாய்நீரும் கழிவுநீர் இணைப்பும் உள்ள குடியிருப்புக் காணியில் மூன்று அலகுகள் என்பது 2022 நவம்பரில் ஒன்ராறியோ மாகாணம் இயற்றிய சட்டம் தந்த உரிமை. மாநகரசபை நினைத்தாலும் அதைக் குறைக்க முடியாது. நான்காவது அலகு, 2023 மே மாதம் மாநகரசபை நகரம் முழுவதற்கும் அனுமதித்தது. ஐந்தாவதும் ஆறாவதும்தான் வட்டாரத்தைப் பொறுத்தவை. ஆக, ஒரே கட்டடத்தில் உங்களுக்கு நான்கு. பேஸ்மென்டும் அந்த நான்கில் ஒன்று என்பதை மறக்க வேண்டாம். நான்கும் ஒரு பேஸ்மென்டும் என்று பலர் கணக்குப் போட்டு ஏமாறுகிறார்கள்.

நான்கு அலகு என்பது எண்ணிக்கை மட்டும்தான். கட்டடம் எவ்வளவு உயரம், பின்னுக்கு எவ்வளவு நீளம், பக்கத்து எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதையெல்லாம் 569-2013 என்ற இலக்கமுடைய சோனிங் விதி தனியாகச் சொல்கிறது. மாநகரசபையின் இணையத்தளத்தில் சோனிங் வரைபடம் இருக்கிறது. வீட்டு முகவரியைப் போட்டால் உங்கள் காணியின் வலயக் குறியீடு வரும். அந்தக் குறியீட்டின் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் நின்று கவனியுங்கள். அந்த இடத்துக்கென்று தனி விதிவிலக்கு இருக்கிறது என்று அர்த்தம், பொது விதியைவிட அது இறுக்கமாகவும் இருக்கலாம். இன்னொன்று: 1998இல் ஸ்காபரோ ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்டது, ஆனால் 2013இல் புதிய விதி வந்தபோதுகூட சில காணிகள் பழைய ஸ்காபரோ விதிகளுக்குள்ளேயே விடப்பட்டன. உங்களுடையது அதில் ஒன்றா என்று வரைபடமே காட்டும். இவ்வளவையும் பார்க்க ஒரு சதமும் செலவில்லை. படம் வரைபவருக்கு முற்பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

இனி பக்கத்து வீட்டுக்காரர். உங்கள் திட்டம் சோனிங் விதிக்குள் முழுமையாக அடங்கினால் அவரிடம் யாரும் சம்மதம் கேட்கப்போவதில்லை. விசாரணையும் இல்லை. நேரே கட்டட பெர்மிட்டுக்குப் போகலாம். ஓரிடத்திலாவது விதியை மீறினால்தான், உதாரணமாகப் பின்பக்கம் ஒரு மீட்டர் கூடினால், கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ட் என்ற குழுவிடம் விலக்குக் கேட்க வேண்டும். அப்போது 60 மீட்டருக்குள் காணி வைத்திருப்பவர்களுக்கு அறிவித்தல் போகும். அவர் வந்து பேசலாம். குழு நான்கு விடயங்களைப் பார்க்கும்: கேட்பது சிறிய மாற்றமா, அந்தக் காணிக்குப் பொருத்தமானதா, சோனிங் விதியின் நோக்கத்தோடு ஒத்துப்போகிறதா, நகரத்தின் பெருந்திட்டத்தோடு ஒத்துப்போகிறதா. 'நிறையப் பேர் குடிவருவார்கள்' என்பது இந்த நான்கில் இல்லை. 'உங்கள் மேல்மாடி என் பின்வளவுக்கு வெயிலை மறைக்கும்' என்பதற்கு எடை உண்டு. குழு உங்களுக்குச் சாதகமாக முடிவெடுத்தால், 2022ஆம் ஆண்டின் அதே மாகாணச் சட்டத்துக்குப் பிறகு அயலவர் அதை மேன்முறையீடு செய்ய முடியாது. மறுத்தால் நீங்கள் 20 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

இருந்தாலும் என் அபிப்பிராயம், முடிந்தவரை விதிக்குள்ளேயே வரையச் சொல்லுங்கள். ஒரு மீட்டருக்காகப் பல மாதங்களையும் ஒரு நல்ல அயலையும் இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வரைந்த படத்தை நீங்களே கொண்டுபோய் அவருக்கு ஒருமுறை காட்டுங்கள். பயத்தில் எதிர்ப்பவர்கள், படத்தைப் பார்த்ததும் தணிந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மைத்துனர் சொல்லும் பின்வளவு வீட்டை 2022இலிருந்து மாநகரசபை அனுமதிக்கிறது. அறுபதுகளின் பங்களோக்களுக்குப் பெரும்பாலும் நல்ல நீளமான வளவு உண்டு, ஆகவே யோசனை நல்லதுதான். இரண்டு இடத்தில் சிக்கும். முதலாவது, தீயணைப்பு வீரர்கள் வீதியிலிருந்து அந்த வீட்டு வாசலுக்குப் போகத் தடையில்லாத நடைபாதை வேண்டும். அதன் நீளம் பொதுவாக 45 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வீட்டுப் பக்கத்தில் ஏசிப் பெட்டியும் படியும் வழியை அடைத்திருந்தால் அங்கேயே திட்டம் நின்றுவிடும், ஒரு அளவுநாடா எடுத்து இன்றே பாருங்கள். இரண்டாவது, மரம். நிலத்திலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 30 சென்ரிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அது உங்கள் மரமானாலும் பெர்மிட் இல்லாமல் வெட்ட முடியாது. வேருக்குப் பக்கத்தில் தோண்டவும் முடியாது. அயலவரின் மரத்துக்கும் இதே விதிதான்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்: இப்போதுள்ள பேஸ்மென்ட். வாங்கும்போதே இருந்தது என்பதால் அது சட்டப்படியானது ஆகிவிடாது. சோனிங் அனுமதிப்பது வேறு, கட்டட பெர்மிட் எடுத்துச் செய்திருப்பது வேறு. மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் இடையில் தீ பரவாத தடுப்பு இருக்கிறதா? புகை எச்சரிக்கைக் கருவிகள் ஒன்று அலறினால் எல்லாம் அலறும்படி இணைக்கப்பட்டிருக்கின்றனவா? தீப்பிடித்தால் கீழே படுத்திருப்பவர் எந்த வழியால் வெளியேறுவார்? குசினிக்கு இழுத்த மின்கம்பி பரிசோதிக்கப்பட்டதா? கீழே இருப்பது ஒரு குடும்பம். இந்தக் கேள்விகள் அவர்களுடைய உயிரைப் பற்றியவை. உங்கள் காப்புறுதிக்காரருக்கும் அங்கே வாடகைக்கு ஆள் இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

அந்த முகவரிக்கு முன்பு எடுத்த பெர்மிட் விவரங்களை மாநகரசபையிடம் கேட்டுப் பெறலாம்; மாநகரசபையின் தகவல் இலக்கமான 311க்கு அழைத்தால் எங்கே கேட்பது என்று சொல்வார்கள். பேஸ்மென்டுக்கு எதுவும் எடுக்கப்படவில்லை என்று தெரிந்தால் பயந்து மறைக்காதீர்கள். இப்போது விண்ணப்பித்துச் சரிசெய்ய வழி இருக்கிறது.

மாணவர்களுக்கு அறை அறையாக விடும் யோசனை இருந்தால் அது இன்னொரு விதிக்குள் போகும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அறைகளைத் தனித்தனியாக வாடகைக்கு விட்டு, குசினியையோ குளியலறையையோ பொதுவாக வைத்தால் அது பல வாடகையாளர் வீடு. 2024 மார்ச் 31 முதல் ஸ்காபரோவிலும் அதற்கு இடமுண்டு, ஆனால் உரிமம் எடுத்தாக வேண்டும்.

உங்கள் இடத்தில் நானென்றால், இந்த வருடம் பேஸ்மென்டைச் சட்டப்படி ஆக்குவேன். அதற்கு வரையும்போதே பின்வளவு நடைபாதையையும் மரத்தையும் அளந்து படத்தில் போடச் சொல்வேன். இடிப்பதைப் பற்றி முகவரோடு பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வேன்.