பழைய கோகுவா, புதிய கோகுவா?

கேள்வி: அக்கா மகன் இந்த வருடம் பத்தாம் வகுப்பு முடிக்கிறான். டிராகன் பால் என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடர் என்றால் அவனுக்கு உயிர். அதன் நாயகன் கோகு பலம் கூடி மாறும் வடிவமான சூப்பர் சையன் கோகுவின் ஆக்‌ஷன் ஃபிகர் (கைகால் அசைக்கக்கூடிய பொம்மை) வாங்கித் தரலாம் என்று தேடினால், எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸ் வரிசையில் 2010-ல் வந்த பழைய பதிப்பை ஒருவர் விற்கிறார். பெட்டி ஏற்கெனவே திறந்தது. "இனிமேல் கிடைக்காது" என்று புதிய பதிப்பை விட ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். எதை வாங்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: புதியதை வாங்குங்கள். பையன் அதைக் கையில் எடுத்து விளையாடுவான், விதவிதமாக நிறுத்திப் பார்ப்பான். அங்கேதான் பழையது தோற்றுப்போகும்.

ஜப்பானிய பொம்மை நிறுவனமான பண்டாய் இந்த வரிசையில் டிராகன் பால் பாத்திரங்களை 2009-ல் பிக்கோலோவில் தொடங்கியது. மறு வருடம் சூப்பர் சையன் கோகு வந்தது. அந்தக் காலத்துக்கு நல்ல வேலைதான். ஆனால் அதற்குப் பிறகு உடலமைப்பையே பலமுறை மாற்றிவிட்டார்கள். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் கோகுவை காமேஹாமேஹா (இரண்டு கைகளையும் சேர்த்து ஆற்றல் அலையை விடும் அவனுடைய தாக்குதல்) நிலையில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு உள்ளங்கையும் இடுப்போரம் ஒன்று சேர வேண்டும். அதற்குத் தோள் முன்பக்கமாக நன்றாக வளைந்து வர வேண்டும். பழைய உடலில் தோள் அவ்வளவு தூரம் வராது; கைகளைச் சேர்க்கப் படாதபாடு படுவீர்கள். 2018-க்குப் பிறகு வந்த உடல்களில் தோள்மூட்டு உள்ளே இழுத்து முன்னே வரும்படி இருக்கிறது. மார்பும் வயிறும் தனித்தனியாக வளையும், மூட்டின் இடைவெளியும் வெளியே அசிங்கமாகத் தெரியாது. முழங்காலை மடக்கி உட்கார வைத்தாலும் உருவம் கெடாது. சண்டை போடுகிற பாத்திரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்தது வயது. 2010-ல் செய்த பொருள் பதினைந்து வருடம் தாண்டிவிட்டது. பெட்டி திறந்தது என்றால் மூட்டுகள் தளர்ந்திருக்கலாம், மாற்று முகமோ கையோ ஒன்றிரண்டு காணாமல் போயிருக்கலாம். அப்படியும் மனசு பழையதில்தான் இருக்கிறது என்றால், பணம் கொடுப்பதற்கு முன் வீடியோ அழைப்பில் பார்த்துவிடுங்கள். ஒற்றைக் காலில் நிறுத்தச் சொல்லுங்கள். இடுப்பு தொய்ந்தால் வேண்டாம். பெட்டியின் பின்பக்கப் படத்தை வைத்துக்கொண்டு உதிரிப் பாகங்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பெட்டியில் என்ன முத்திரை என்பதும் முக்கியம். இப்போது இந்த வரிசையை வெளியிடும் பண்டாய் ஸ்பிரிட்ஸ் என்ற நிறுவனமே 2018-ல்தான் வந்தது. அந்தப் பெயர் உள்ள பெட்டியைக் காட்டி 2010-ன் முதல் வெளியீடு என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள்.

"கிடைக்காது" என்ற பேச்சுக்கு மட்டும் ஒரு ரூபாய்கூட கூடுதலாகக் கொடுக்காதீர்கள். சூப்பர் சையன் கோகுவை பண்டாய் திரும்பத் திரும்ப வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. 2022-ல்கூட ஒரு புதிய பதிப்பு வந்தது. இங்கே விலை எகிறுவதற்குப் பெரிய காரணம் வரி: பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. வரியால் ஏறிய விலையை அரிய பொருளின் விலை என்று நினைத்துவிட வேண்டாம்.

பழையது யாருக்குச் சரி? அதே காலத்து வெஜிட்டாவையும் பிக்கோலோவையும் வைத்திருக்கிற சேகரிப்பாளருக்கு. அந்த முக அமைப்பைப் பார்த்து வளர்ந்தவருக்கும்தான். உருவளவும் உடல்வாகும் வருடத்துக்கு வருடம் மாறியிருப்பதால், பழைய கூட்டத்தில் புதியவர் ஒருவரை நிறுத்தினால் ஒட்டாமல் தெரியும்.

அப்புறம், பான்பிரஸ்டோ பெயரில் வரும் கோகு பொம்மைகள் விலை குறைவு, பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் அவை ஒரே நிலையில் நிற்கிற சிலைகள், கைகால் அசையாது. அதை வாங்கிவிட்டு ஏமாந்தேன் என்று எழுதுகிறவர்கள் அதிகம்.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய ஃபிகர்கள் தொட்டால் பிசுபிசு என்று ஒட்டுகின்றன. கண்ணாடி அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். கெட்டுவிட்டனவா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கெடவில்லை. பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளையும் பதத்துக்குக் கொண்டுவர அதில் ஒரு மென்மையாக்கியைச் சேர்க்கிறார்கள். அது மெல்ல மெல்ல வெளியே கசிகிறது. காற்றோட்டமே இல்லாமல் மூடி வைத்தால், அதுவும் நம் சித்திரை வெயிலில், கசிந்தது போக வழியில்லாமல் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காயவிடுங்கள். தின்னர், ஸ்பிரிட் பக்கமே போக வேண்டாம், பெயின்ட் போய்விடும். இறுகிப்போன மூட்டை வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும்.

அலமாரிக் கதவை அவ்வப்போது திறந்து வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் போடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டைப்பெட்டியில் பூஞ்சை பிடிக்கும், அதனால் உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒரிஜினல் படத்தைப் போட்டு டூப்ளிகேட் கோகுவை அனுப்பிவிட்டார்கள். "பொம்மைக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார் விற்பவர். விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: விடாதீர்கள். மின்வணிக விதிகள் 2020-ன்படி, பொருள் போலியாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுக்க முடியாது. "ரிட்டர்ன் கிடையாது" என்று அவரே எழுதி வைத்துக்கொண்டாலும் அது சட்டத்துக்கு முன் செல்லாது. விளம்பரப் படம், பில், வந்த பொருளின் படம் எல்லாவற்றையும் சேர்த்து முதலில் அந்தத் தளத்திலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை.

அடுத்த முறை பார்சலைப் பிரிக்கும்போது, ஒட்டிய டேப்பை வெட்டுவதிலிருந்தே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. ஒட்டாமல் வருகிற பெட்டியைப் பார்த்தால் அதையும் படம் பிடித்துப் புகாரோடு சேருங்கள்.