வெறுப்பை மறைத்தால் குறையுமா?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். பிள்ளைகள் "நம்ம ஆளுக, அவங்க ஆளுக" என்று மதம் பார்த்தே பேசுகிறார்கள். மோதல்களை விட்டுவிட்டு ஒற்றுமையான செய்திகளை மட்டும் நடத்தினால் இது மாறும் என்று நினைக்கிறேன், சரிதானே?
– ஓர் ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: சரியில்லை, டீச்சர். உங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பற்றி நீங்கள் வாய் திறக்காவிட்டால் அது பிள்ளைகளுக்குத் தெரியாமலா போய்விடும்? இந்து வீட்டில் ஒரு கதை, கிறிஸ்தவர் வீட்டில் வேறொரு கதை, கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்கே வருகிறார்கள். "இதை யார் சொன்னது, அவர் நேரில் பார்த்தாரா, வேறு சாட்சி உண்டா?" என்று கேட்டுப் பழக அவர்களுக்கு உங்கள் வகுப்பை விட்டால் வேறு இடம் கிடையாது. அங்கேயும் ஒற்றுமை, ஒற்றுமை என்றே சொன்னால் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு, வெளியே வந்து பழைய பேச்சையே பேசுவார்கள்.

அதற்காக முதல் நாளே 1982-க்குப் போக வேண்டாம். கொல்லத்தின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் தொடங்குங்கள். கி.பி. 849-இல் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு, அதாவது தேவாலயத்துக்கு, நிலமும் உரிமைகளும் கொடுத்த ஆவணம் அது. வட்டெழுத்தில் போகிற செப்பேட்டின் கடைசியில் சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும் பாரசீகத்துப் பகலவியிலும் எபிரேய எழுத்திலும் இருக்கும், அந்தப் படத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, இத்தனை பேர் ஏன் இங்கே வந்து கையெழுத்துப் போட்டார்கள் என்று கேளுங்கள். மத நல்லிணக்கம் என்று நீங்களே முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாதீர்கள். மிளகும் கடல் வணிகமும் என்று அவர்களே வந்து சேரட்டும். அப்புறம், அதே செப்பேட்டில் நிலத்தோடு ஈழவர், வண்ணார் குடும்பங்களையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள், அதையும் மறைக்காமல் காட்டுங்கள். எல்லா மதத்தாரும் சாட்சி நின்ற அந்தக் கொடையில் அந்தக் குடும்பங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைக்கு நீங்கள் வரலாறு நடத்திவிட்டீர்கள்.

அடுத்தது தோள்சீலைப் போராட்டம். மேலாடை போட்டதற்காக அடிபட்ட நாடார் பெண்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, இந்துக்களும் உண்டு. 1859-இல் திருவிதாங்கூர் அரசு அனுமதி கொடுத்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது. இதை வெறும் மதச் சண்டையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, சண்டையின் வேர் சாதியில் இருப்பது இங்கே கண்ணில் படும்.

இவ்வளவும் ஆன பிறகு பெரிய வகுப்பில் மண்டைக்காட்டுக்கு வாருங்கள். வீட்டில் கேட்ட கதைகளை எழுதிவரச் சொல்லுங்கள், அன்றைய செய்தித்தாள்களையும் கலவரத்தை விசாரித்த நீதிபதி வேணுகோபால் ஆணையம் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பெற்றோர் யாராவது சத்தம் போடக்கூடும், அதனால் தலைமையாசிரியரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது. ஆனால் ஒன்று: எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி "உங்க ஆளுக ஏன் இப்படிச் செய்தாங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.