எம்.பி.பி.எஸ். சேரப்போகும் என் தங்கை எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?

பாடச்சுமை தாங்குமா, பிணத்தைப் பார்த்தால் பயப்படுவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் படித்தவன் நான். இரண்டும் பழகிவிடும்.

பிண பயம் ஒரு வாரம்கூட நிற்காது. படுத்துவது, பிணம் கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலின் நெடிதான். கண் எரியும், மூக்கு ஒழுகும், எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோற்றில் கை வைத்ததும் அந்த வாடை எழும்பும். மூன்றாவது வாரம் நான், பிணத்தை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலிலிருந்து நேரே மெஸ்ஸுக்குப் போய், சாம்பாரை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். மனப்பாடம் மலைபோல இருக்கும். ஆனால் வாய்மொழித் தேர்வில் காறை எலும்பை நீட்டி, "இது இடதா, வலதா?" என்று கேட்டால் மனப்பாடம் உதவாது. எலும்பைத் தன் தோளிலேயே வைத்துப் பார்த்துப் படித்தவர்தான் தப்பிப்பார். சீனியர்களிடம் எலும்புப் பெட்டி கிடைக்கும். தங்கையைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையில் சிரமமாக இருந்தது வார்டில் நோயாளியிடம் பேசுவது. நான் இரண்டாம் ஆண்டில்தான் வார்டுக்குப் போனேன். 2019இல் பாடத்திட்டம் மாறியபின் முதலாண்டிலேயே கொஞ்சம் காட்டிவிடுகிறார்கள். நோயை ஆங்கிலத்தில் படித்துவிட்டுப் போகிறோம். நோயாளி சொல்வது அவர் ஊர்த் தமிழ்.

ஒரு பாட்டி "மயக்கமாக வருகிறது" என்றார். சுயநினைவிழப்பு என்று எழுதிக்கொண்டு கம்பீரமாக நின்றேன். பேராசிரியர் குறிப்பைப் படித்துவிட்டு, கட்டிலோரமாக உட்கார்ந்தார். "கண் இருட்டிக்கொண்டு வருமா அம்மா, இல்லை வீடு சுற்றுமா?"

"திரும்பிப் படுத்தால் போதும் சாமி, கூரையே சுற்றுகிறது."

பாட்டியை உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்தபடி சட்டென்று படுக்கவைத்தார். சில நொடிகளில் கருவிழிகள் இரண்டும் வெட்டி வெட்டி ஆடின. உள்காதில் கடுகினும் சிறிய கால்சியத் துகள்கள் இடம் மாறிவிட்டால் இப்படித் தலை சுற்றும். தலையை முறைப்படி திருப்பியே அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம். மூளைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று நான் எழுதிவைத்திருந்ததை அவர் ஒன்றும் சொல்லாமல் அடித்துவிட்டார்.

நாலரை ஆண்டுப் படிப்புக்குப் பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. ரத்தம் எடுப்பது, சலைன் ஏற்ற ஊசி குத்துவது, கட்டுப் போடுவது, பிரசவ வார்டில் இரவெல்லாம் நிற்பது. அந்த ஆண்டில் தூக்கத்தைக் கடன் சொல்லித்தான் வைக்க வேண்டும். எனக்கு மிகப் பிடித்த ஆண்டும் அதுதான்.

பாட்டி வார்டை விட்டுப் போன அன்றே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நோயாளிகள் சொல்லும் சொற்களைக் குறிக்கத் தொடங்கினேன். குறுக்கு வலி, நெஞ்சு கரிப்பு, சீதம், இளைப்பு. தங்கையையும் அப்படி ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் "மேல் வலி" என்றால் உடம்பு வலி. சென்னையிலிருந்து வந்த நண்பன் அதைக் கேட்டு, மேல்வயிற்றை அரைமணி நேரம் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.