கையால் ஏறாதீர்கள், காலால் ஏறுங்கள்

கேள்வி: எனக்கு வயது 38. தினமும் ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன், நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. ஜிம்மில் மூன்று தடவை சேர்ந்து மூன்று தடவையும் இரண்டாவது மாதத்திலேயே நின்றுவிட்டேன். நண்பர் ராக் கிளைம்பிங் கூப்பிடுகிறார். கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கும் புல்-அப் ஒன்றுகூட எடுக்க வராத நான் ஏற முடியுமா? தொப்பை குறையுமா?
- ஒரு வாசகர், ஓசூர்

தாராளமாக ஏறலாம். புல்-அப் நன்றாக எடுப்பவர்கள் பலர் முதல் நாள் உடம்பைக் கையாலேயே இழுத்து இழுத்து ஏறி, பத்து நிமிடத்தில் முன்கை கல் மாதிரி இறுகி, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட அடுத்தவரிடம் நீட்டுவார்கள். உடம்பைத் தூக்க வேண்டியது கால். கையின் வேலை, பாறையோ பயிற்சிக்கான செயற்கைச் சுவரோ, அதை விட்டு உங்களை விலகாமல் வைத்திருப்பதுதான். பனையேறுகிறவரைப் பார்த்திருப்பீர்கள், தளைநாரை மாட்டிய காலை ஊன்றி எழும்பித்தான் மேலே போவார், கை மரத்தை அணைத்தபடி இருக்கும். அதே கணக்கு.

நான் ஆரம்பித்த புதிதில் சுவரில் தீப்பெட்டி அகலப் பிடி ஒன்றில் கால் கட்டைவிரலை வைத்து நின்றபோது, கால் தையல் மெஷின் மாதிரி கடகடவென்று ஆட ஆரம்பித்தது. கீழே இருந்த பயிற்சியாளர் “குதிகாலைக் கீழே இறக்குங்க, மூச்சை விடுங்க” என்றார். இறக்கினேன், நடுக்கம் நின்றுவிட்டது. பயத்தில் குதிகாலை உயர்த்தி உயர்த்தி கெண்டைக்கால் சோர்ந்து போயிருந்தது, அவ்வளவுதான். இப்படி ஒவ்வொரு ஏற்றத்திலும் எந்தக் காலை எங்கே வைப்பது, இடுப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்று மூளை ஓடிக்கொண்டே இருப்பதால் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றாது. ஜிம்மில் நிலைக்காத ஆள் இதில் நிலைப்பார் என்று நான் நம்புவது இதனால்தான்.

தொப்பை விஷயம். முதுகு, தோள், வயிற்றுத் தசை, கைப்பிடி எல்லாம் நன்றாக வலுப்படும். ஆனால் சுவரில் இரண்டு நிமிடம், கீழே ஐந்து நிமிடம் என்றுதான் ஒரு மாலை போகும், அதனால் எடை குறைய வேண்டுமானால் வேக நடையும் சாப்பாட்டில் கவனமும் கூடவே வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். மூச்சை அடக்கி இறுக்கிப் பிடித்தால் அழுத்தம் சட்டென்று ஏறும்.

போல்டரிங்கில் தொடங்குங்கள். சுமார் நாலு மீட்டர் சுவர், கயிறு இல்லை, கீழே தடிமனான மெத்தை. முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள்: முழங்காலை மடக்கி இறங்கி முதுகுப்பக்கம் உருள வேண்டும், கையைப் பின்னால் ஊன்றக் கூடாது, ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஏறுங்கள், பிடியில் மாட்டினால் விரலையே பிய்த்துவிடும். பெங்களூரில் உள்ளரங்குச் சுவர்கள் இருக்கின்றன, கண்டீரவா மைதானத்திலும் ஒரு செயற்கைச் சுவர் உண்டு. இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு, தெரிந்தவர்களோடு, ஹெல்மெட்டும் கயிறுமாக, பெங்களூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராமநகரா கருங்கல் பாறைக்குப் போகலாம். வெயில் காலத்தில் வேண்டாம், பாறை தோசைக்கல்லாகக் காயும்.

கேள்வி: ஆறு மாதமாக வாரத்தில் ஐந்து நாள் ஏறுகிறேன். மோதிர விரலின் அடியில் உள்ளங்கைப் பக்கம் அழுத்தினால் வலிக்கிறது. டேப் சுற்றிக்கொண்டு தொடரலாமா?
- ஒரு வாசகி, சென்னை

தயவுசெய்து நிறுத்துங்கள். விரலை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் தசைநாண், தூண்டில் கம்பியின் வளையங்களுக்குள் நூல் ஓடுவது மாதிரி, விரல் எலும்போடு ஒட்டிய சிறு வளையங்களுக்குள் ஓடுகிறது. விரல் நுனியை மட்டும் மெல்லிய விளிம்பில் வைத்து, நடுமூட்டைக் கூர்மையாக மடக்கித் தொங்கும்போது பெரும் பாரம் அந்த வளையங்களில் விழுகிறது. தசை சில வாரங்களில் தேறிவிடும், தசைநாணுக்கும் வளையத்துக்கும் பல மாதங்கள் ஆகும். ‘இப்போதுதான் பலம் வந்திருக்கிறது’ என்று தோன்றும் ஆறாவது மாதம் அதனால்தான் ஆபத்தான மாதம். டேப் சுற்றினால் வலி கொஞ்சம் மறையும், காயம் அப்படியேதான் இருக்கும். ‘டப்’ என்று சத்தம் கேட்டிருந்தாலோ விரல் வீங்கியிருந்தாலோ இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தேறிய பிறகும் வாரம் மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு.

கேள்வி: ஒலிம்பிக்கில் பார்த்ததிலிருந்து ஒன்பது வயது மகள் சுவர் ஏறவேண்டும் என்கிறாள். சேர்க்கலாமா?
- ஒரு தந்தை, கோவை

சேர்த்துவிடுங்கள். டோக்கியோவில்தான் இது முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தது. அடுத்து பாரிஸில் 15 மீட்டர் சுவரை ஐந்து நொடிக்குள் ஏறியவர்களைப் பார்த்த குழந்தைக்கு ஆசை வராமல் இருக்குமா? விளையாட்டாக ஏறட்டும், மரம் ஏறுவது போல. ஆனால் விரல் பலகையில் (விரல் நுனியால் பிடிக்க விளிம்புகள் வைத்த பலகை) தொங்கும் பயிற்சி மட்டும் வேண்டாம், விரல் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இந்த வயதில் இன்னும் மூடியிருக்காது. அப்புறம், கிளைம்பிங் ஷூ இறுக்கமாக இருக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுச் சின்ன அளவு வாங்கிவிடாதீர்கள். முதல் சில மாதம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும் ஷூவே போதும்.